ஆண்டவருக்கும் இழுப்பு வந்திருக்குமா

சபைக் கமிட்டி கூப்பிடுகிறது என்று தகவல் வந்ததிலிருந்து பிரின்சிக்குச் சோறு இறங்கவில்லை. வாரநாட்களில் சிப்காட்டில் ஒரு மாத்திரை கம்பெனியில் பேக்கிங் வேலை. ஞாயிற்றுக்கிழமைகளில் கும்மிடிப்பூண்டி சபையில் சண்டே ஸ்கூல் டீச்சர்.

2006 டிசம்பர், முதல் ஞாயிறு. கடவுள் மனுஷனாகப் பிறந்ததைப் பாடம் நடத்திக்கொண்டிருந்தபோது ஷைனி கையைத் தூக்கினாள். ஏழு வயசு. இரும்பு கம்பெனிகளுக்குப் பின்னால் வீடு. மூச்சு இழுப்பு வந்தால் உட்கார்ந்தபடிதான் தூங்குவாள்.

"மிஸ், இயேசப்பாவுக்கும் இழுப்பு வந்துச்சா?"

பிரின்சி யோசிக்கவில்லை. "வந்திருக்கும்மா. நம்மள மாதிரி ஒடம்போடதான பொறந்தாரு."

ஷைனி அதை அம்மா ரோசம்மாளிடம் சொன்னாள். ரோசம்மாள் சந்தோஷத்தில் நாலு பேரிடம் சொன்னாள். அப்படியே அது சபைச் செயலாளர் ராஜமாணிக்கத்தின் காதுக்குப் போயிற்று.

தப்பாகச் சொல்லிவிட்டோமோ என்ற பயம் மாத்திரை அட்டைகளை அடுக்கும்போதும் பிரின்சியை விடவில்லை. பைபிளைப் புரட்டிப் பார்த்தாள். இயேசுவுக்குப் பசி இருந்தது, தாகம் இருந்தது, களைத்துப் படகில் தூங்கினார், அழுதார். காய்ச்சல் வந்ததாகவோ இருமியதாகவோ எங்கும் இல்லை.

அடுத்த ஞாயிறு ஆராதனை முடிந்ததும் கோயிலை ஒட்டிய சின்ன அறைக்குக் கூப்பிட்டார்கள். பாஸ்டர் சாலமோனும் இருந்தார். ராஜமாணிக்கம்தான் ஆரம்பித்தார்.

"ஆண்டவருக்கு சீக்கு வந்துச்சுன்னு சொன்னியாமே?"

"வந்திருக்கும்னு சொன்னேங்கய்யா."

"இன்னாம்மா இது. எங்க ஊட்ல எல்லாரையும் பகைச்சிக்கினு வந்து ஞானஸ்நானம் வாங்கினவன் நானு. ஒரு குறையும் இல்லாதவருன்னு நம்பி வந்தேன். நாளைக்கு எங்க ஜனம், உன் சாமிக்கே சளியாமேன்னு கேட்டா நான் இன்னா சொல்றது?"

அவர் குரல் லேசாக உடைந்தது. அவர் கத்தியிருந்தால்கூடத் தேவலை என்று பிரின்சிக்குத் தோன்றியது.

"எனக்குத் தெரியலங்கய்யா. சிலுவையில தொங்கும்போது அவருக்கும் மூச்சு வாங்கியிருக்குமேன்னு நெனச்சேன். அந்தப் பிள்ளைகிட்ட இல்லன்னு சொல்ல வாய் வரல."

"அது நம்ம பாவத்துக்காகப் பட்ட பாடு. அது வேற, இது வேற" என்றார் ராஜமாணிக்கம்.

பாஸ்டர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "அடுத்த வாரம் நான் கிளாஸ் எடுக்கறேன். நீயும் வந்து ஒக்காரும்மா" என்றார். சரியா தப்பா என்று அவர் சொல்லவில்லை.

ஞாயிறு வந்தது. ராஜமாணிக்கமும் வந்து வாசலில் நின்றுகொண்டார். பாஸ்டர் பாடத்தைத் தொடங்கிக் கொஞ்ச நேரம்கூட ஆகவில்லை, ஷைனி கையைத் தூக்கிவிட்டாள். கேட்காதே என்று பிரின்சி கண்ணைக் காட்டினாள். பிள்ளை கவனிக்கவில்லை. அதே கேள்வி.

பாஸ்டர் பிள்ளைகளோடு பாயில் வந்து உட்கார்ந்தார்.

"இழுப்பு வந்துச்சான்னு வேதத்துல எழுதல ஷைனி. அதனால எனக்கும் தெரியாது. ஆனா உன்ன மாதிரியேதான் மூச்சு விட்டாரு. கடைசியில அந்த மூச்சும் நின்னுது. அவ்ளோ தூரம் நம்மகிட்ட வந்தாரு. நீ மூச்சு வாங்கிக்கினு ஒக்காந்திருக்கும்போது எப்டி இருக்கும்னு அவருக்குத் தெரியும்."

ஷைனி தலையாட்டினாள். அவளுக்கு அது போதுமானதாக இருந்தது. பிரின்சி திரும்பிப் பார்த்தபோது வாசலில் யாரும் இல்லை.

இனி வகுப்பு யாருடையது என்று அன்று ஒருவரும் சொல்லவில்லை. சனிக்கிழமைவரை பொறுத்துப் பார்த்துவிட்டு அவளே பாஸ்டருக்கு போன் போட்டாள்.

"நீதாம்மா எடுக்கணும். தெரியாததத் தெரியாதுன்னு சொல்லிடு" என்றார் அவர்.

கிறிஸ்துமஸ் அன்று எல்லோருக்கும் கைகொடுத்துக்கொண்டே வந்த ராஜமாணிக்கம் பிரின்சியிடமும் கையை நீட்டினார். அவள் முகத்தை மட்டும் அவர் பார்க்கவில்லை.