பிளாஸ்க்கை மொய்த்த எறும்புகள்

ஒரே நாளில் மூன்று பேர் ஒருத்தியைப் பொய்க்காரி என்றால் அவளுக்கு ரத்தம் கொதிக்காமல் என்ன செய்யும்?

முதல் ஆள் டிப்போ மேனேஜர். பள்ளிக்கூட பஸ் ஓட்டும் டிரைவரம்மா அன்று காலை இரண்டாவது டிரிப்பில், நாற்பது பிள்ளைகளோடு, வண்டியை ஓரங்கட்டிவிட்டு ஸ்டியரிங்கில் சாய்ந்துவிட்டாள். நெஞ்சு படபடவென்று அடித்தது, வியர்வை ஊற்றியது, வயிற்றைப் பிசைந்தது. பத்து நாளில் இது மூன்றாவது தடவை. மேனேஜர் சாவியைப் பிடுங்கிக்கொண்டார். "ஆபரேஷன் பண்ணிட்டும் கண்டதைத் தின்னா இப்படித்தான். நாளைக் காலையில காரணத்தோட வாம்மா. இல்லேன்னா அந்த வண்டிக்கு வேற ஆள்."

அடுத்தது, இரண்டரை மாதத்துக்கு முன்பு அவளுடைய இரைப்பையைச் சுருக்கிய ஆஸ்பத்திரியில் உணவுமுறை சொல்லித் தரும் அம்மா. "சர்க்கரை உள்ளே போனாத்தான் இப்படி வரும். இனிப்பு எதுவும் சாப்பிட்டீங்களா?"

"ஒரு துளி இல்லைங்க."

அந்தம்மா பேனாவை மூடி வைத்தாள். "எல்லாரும் அப்படித்தான் சொல்வாங்க."

மூன்றாவது, தாலி கட்டிய புருஷன். "ஒளிச்சு வச்சுத் தின்னியா? சொல்லு, நான் ஒண்ணும் கோவிச்சுக்க மாட்டேன்."

அடேயப்பா, என்ன பெருந்தன்மை! குண்டாக இருந்தவள் உண்மை பேசுவாள் என்று ஒருத்தருக்காவது தோன்ற வேண்டுமே. இடுப்பு சீட் பெல்ட்டுக்குள் அடங்காமல், வண்டி ஓட்டலாம் என்று கம்பெனி டாக்டர் கையெழுத்துப் போட மறுத்ததால்தானே வயிற்றைக் கிழித்துக்கொள்ளச் சம்மதித்தாள்? அன்றிலிருந்து கட்டைவிரல் அளவு மீன் துண்டை அரைமணி நேரம் மெல்லுகிறாள். சாப்பாட்டோடு ஒரு மடக்குத் தண்ணீர் கிடையாது. நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டாலும் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். இப்படி நாயாய்ப் பட்ட பாட்டுக்குத்தான் இந்தப் பட்டம்.

ஆத்திரத்தோடு சமையலறைக்குப் போனாள். காலையில் கொண்டுபோன பிளாஸ்க் கழுவாமல் கிடந்தது. அதன் வாயைச் சுற்றிச் சாரைசாரையாக எறும்பு.

விடியும் முன்பே அவள் கிளம்பிவிடுவதால், புரோட்டீன் பவுடரைத் தண்ணீரில் கலந்து பிளாஸ்க்கில் ஊற்றித் தருவது அண்ணியின் வேலை. அண்ணி, புருஷனின் அக்கா. கல்யாணம் காட்சி என்று எதுவும் இல்லாமல் இவர்களோடேயே இருப்பவள். முதல் டிரிப் முடிந்ததும் டிரைவரம்மா அதைக் குடிப்பாள். அந்தப் பவுடரில் சர்க்கரை இல்லை என்றாலும் தித்திப்பாகத்தான் இருக்கும். மேலே கொஞ்சம் கூடினால் நாக்குக்குத் தெரியாது. ஆனால் பவுடர் தினமும்தான் மேடையில் சிந்துகிறது, இதுவரை ஒரு எறும்பு எட்டிப் பார்த்ததில்லை.

"அண்ணி!" வீடே அதிர்ந்தது. "இதுல என்ன கலந்தீங்க?"

அண்ணி முந்தானையைத் திருகினாள். "கொஞ்சம் சர்க்கரைப் பாகு. நீ சோர்ந்துபோற நாள்ல மட்டும்தான்."

"பிரேக்கை மிதிக்கறதுக்கு முன்னாடியே நான் மயங்கியிருந்தா? நாற்பது பிள்ளைங்க அண்ணி! அவங்கம்மா மூஞ்சியில எப்படி முழிப்பேன்? சர்க்கரை கூடவே கூடாதுன்னு ஃபிரிட்ஜ் கதவுல ஒட்டி வச்சிருக்கே, உங்க கண்ணு என்ன பொட்டையா?"

"படிச்சேன். தெரிஞ்சுதான் போட்டேன்." அண்ணி பொலபொலவென்று அழுதாள். "ரெண்டு வாரம் முன்னாடி உன் பழைய துணியெல்லாம் மூட்டை கட்டி எனக்குக் கொடுத்தியே. இனிமே இந்த வீட்டுல நான் ஒருத்திதான் குண்டு. ரெண்டு பேரா இருந்தப்போ கேலியாவது பாதிப் பாதியா விழுந்துது."

டிரைவரம்மாவுக்குக் கோபம் இறங்கிவிட்டது என்று நினைக்கிறீர்களா? நன்றாக இறங்கியது! "நாளைக்கு டிப்போவுக்கு வந்து இதைச் சொல்றீங்க."

"அத்தனை ஆம்பிளைங்க முன்னாடியா?"

"என் மானம் போனதும் அவங்க முன்னாடிதான்."



மறுநாள் டிப்போவில் அண்ணி எல்லாவற்றையும் சொன்னாள். பாகு போட்டதையும் சொன்னாள், ஏன் போட்டாள் என்பதையும் சொன்னாள். மேனேஜர் கேட்டுவிட்டுச் சிரித்தார். "அட, இந்தம்மாவையும் அதே டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போக வேண்டியதுதானே? ஜோடியாப் போனா தள்ளுபடி கிடைக்கும்!" டீ குடித்துக்கொண்டிருந்த டிரைவர்கள் இளித்தார்கள். அண்ணியின் தலை கவிழ்ந்துவிட்டது.

ராத்திரி முழுக்க அண்ணியைக் கடித்துக் குதறத் துடித்தவள் மேனேஜர் பக்கம் திரும்பினாள். "சாவியைக் கொடுங்க சார். கொடுத்துட்டு, அண்ணிகிட்ட மன்னிப்புக் கேளுங்க."

"நான் எதுக்கும்மா கேக்கணும்?"

"தப்பு பண்ணினவங்க நேர்ல வந்து ஒத்துக்கிட்டாங்க. என்னை விசாரிக்காமலே பொய்க்காரியாக்கின நீங்க சிரிக்கிறீங்க. முதல் ஸ்டாப்புல பிள்ளைங்க நிக்குது. நீங்க கேக்குற வரைக்கும் நான் வண்டியில ஏற மாட்டேன். பெத்தவங்க போன் பண்ணினா நீங்களே பதில் சொல்லிக்கோங்க."

மேனேஜர் கடிகாரத்தைப் பார்த்தார். டிரைவர்களைப் பார்த்தார், ஒருத்தனும் இப்போது இளிக்கவில்லை. "மன்னிச்சுக்கோங்கம்மா" என்று சுவரைப் பார்த்து முனகிவிட்டுச் சாவியை நீட்டினார்.

பஸ் படிவரை அண்ணி பின்னாலேயே ஓடி வந்தாள். "எனக்காகவா சண்டை போட்டே?"

"ஆமா. அதுக்காக உங்களை மன்னிச்சுட்டேன்னு நினைச்சுக்காதீங்க. இனிமே நான் சாப்பிடுறதுல கை வச்சீங்க, கையை ஒடிச்சுருவேன்."

அண்ணி மூக்கை உறிஞ்சிக்கொண்டு, சரி சரி என்று தலையாட்டினாள்.