சர்க்கரை என்று சொன்னது

மதுரையில் ஓர் ஆய்வுக்கூடத்தில் வேலை பார்க்கிறேன். திருமங்கலத்தில் ஒரு பள்ளிக்கூடத்தில் கொரோனா பற்றிப் பேச அழைத்திருந்தார்கள். முந்தின நாளே அங்குள்ள ஒச்சாயி அத்தை வீட்டுக்குப் போய், எழுதி வைத்ததை வாய்விட்டுப் படித்துப் பார்த்தேன்.

"இந்தக் கிருமியின் மேல் சர்க்கரை இருக்கிறது. நம்மைக் காக்கும் நோயெதிர்ப்புச் செல்கள் சில, தம் மேலுள்ள ஏற்பிகள் என்னும் கொக்கிகளால் அந்தச் சர்க்கரையைப் பிடிக்கின்றன. சில சமயம் கிருமியை அழிக்காமல் பக்கத்துச் செல்லிடம் சேர்த்துவிடுகின்றன. நோய்க்கு அதுவே உதவியாகிவிடுகிறது."

அத்தை அடுப்படியில் இருந்தாள். படித்தது அவள் காதிலும் விழுந்தது.

பள்ளியில் பேசிவிட்டு வந்த பதினோராம் நாள் அவள் மகன் ராம்கி போன் செய்தார்.

"என்னத்தச் சொல்லிட்டுப் போன சத்யா? அம்மா கருப்பட்டிய அம்புட்டையும் எருக்குழியில கொட்டிருச்சு. சரியாச் சாப்பிடல. 'உங்கப்பன நாந்தான் கொன்னேன்'னுது."

அத்தையின் கணவர் முத்திருளன் மாமா கொரோனா இரண்டாம் அலையில் இறந்தவர். சர்க்கரை நோய்கூட இல்லாத மனிதர். காய்ச்சலில் கிடந்த ஐந்து நாளும் சோறு இறங்காமல் கருப்பட்டிக் காப்பிதான் கேட்டார். அத்தைதான் போட்டுக் கொடுத்தாள்.

ஞாயிற்றுக்கிழமை காளவாசலில் திருமங்கலம் பஸ் ஏறினேன். அத்தை மொச்சை உரித்துக்கொண்டிருந்தாள்.

"வா விஞ்ஞானி. இன்னும் என்ன சொல்லணும்?"

"தப்பு எம்மேலதான் அத்தை. அது காப்பியில போடுற சர்க்கரை இல்ல. கண்ணுக்குத் தெரியாத சங்கிலி மாதிரி. நம்ம செல்லுதான் அதைச் செஞ்சு கிருமிக்குப் போத்திவிடுது. மாமா காப்பி குடிச்சாலும் குடிக்காட்டியும் அது இருந்திருக்கும்."

"பெறகு எதுக்குடி சர்க்கரைன்னு பேரு?"

"படிச்சவங்க வச்ச பேரு. நான் யோசிக்காமச் சொல்லிப்புட்டேன்."

"அந்தக் காவக்காரச் செல்லு, கிருமியக் கொண்டுபோய் விடுறோமேன்னு அதுக்குத் தெரியாதா?"

"தெரியாது. அழிக்கத்தான் பிடிக்குது. சிலது முடியாமச் சுமந்துட்டுப் போயிருது. இது சோதனையில பாத்தது. மாமா உடம்புக்குள்ள என்ன நடந்துச்சுன்னு யாருக்கும் தெரியாது. காப்பியால இல்ல. அது மட்டும் நிச்சயம்."

"சத்தியமா?"

"சத்தியமா."

அத்தை இன்னொரு மொச்சையை எடுத்து உரித்தாள்.

"ஆம்புலன்ஸ் வர்றதுக்கு முந்தி இன்னொரு டம்ளர் கேட்டாருடி. சளி கட்டும், பேசாமப் படுங்கன்னு வைஞ்சுட்டேன்." என்னைப் பார்த்தாள். "குடுத்திருக்கலாம்ல?"



"குடுத்திருக்கலாம் அத்தை."

அப்போதுதான் அழுதாள். நான் பக்கத்தில் உட்கார்ந்து மீதி மொச்சையை உரித்தேன்.