பச்சத்தண்ணி அவல்

ஈஸ்வரிய ஓசூருக்குப் போவாதடின்னு கேக்கணும். அதுக்குத்தான் அந்த மலை, அந்த அவல், எல்லாமே. கம்பெனில என் பக்கத்துலயே நின்னு வேலை செஞ்சவ, ஒரே ரூம்ல பாய் போட்டுப் படுத்தவ. "ஓசூர்ல பர்மனென்ட் வேலைக்குக் கூப்புடறாங்கடி"ன்னு தலை வாரிக்கினே சொல்றா. "அப்டியா, நல்லது"ன்னு சொல்லிட்டு துணி மடிக்கப் போயிட்டேன்.

சொம்மா ரூம்ல ஒக்காந்து கேக்கற விஷயமா இது? கும்மிடிப்பூண்டில எங்க ஒக்காந்தாலும் லாரி ஹாரன்தான். ஊத்துக்கோட்டை தாண்டி மலைக்குள்ள ஒரு சுனை இருக்கு, போலாம் போலாம்னு அவளே சொல்லிக்கினு இருப்பா. அங்க தண்ணில கால வுட்டுக்கினு, நாஷ்டா துன்னுட்டு, மெதுவா கேக்கலாம்னு முடிவு பண்ணேன். ரெண்டு பேருக்கும் ஒண்ணா லீவு கெடைக்கறதுக்கே பல நாள் ஆயிடுச்சு.

காட்டுக்குள்ள அடுப்பு கூடாது. தீப்பெட்டி இருந்தாக்கூட கேட்லயே புடுங்கிப்பாங்க. அதனால மெல்லிசு அவல், பால் பவுடர், நாட்டுச் சக்கரை, ஒடச்ச வேர்க்கடலை, பேரீச்சம்பழம் எல்லாத்தையும் கலந்து ரெண்டு மூணு ஜிப் கவர்ல போட்டேன், மீதி டப்பாலயே கெடந்துச்சு. பச்சத்தண்ணி ஊத்துனா போதும், செத்த நேரத்துல ஊறிடும்.

கம்பெனில எனக்கு முந்திரிக்கொட்டைன்னு பேரு. பெல் அடிக்கறதுக்கு முன்னாடியே ஸ்க்ரூவெல்லாம் ட்ரேல பரப்பி, ஸ்டிக்கர ஓரம் உரிச்சு ரெடியா வெச்சிருப்பேன். அந்தப் பாழாப்போன பழக்கம் மலைக்குப் போறப்பவும் வுடல. அங்க போயி ஊத்தி, ஊறட்டும்னு யாரு காத்துக்கினு இருக்கறதுன்னு, விடிகாலைல ரூம்லயே எல்லா கவருக்குள்ளயும் தண்ணிய ஊத்தி மூடிட்டேன். ஈஸ்வரி ஏதோ சொல்ல வந்தா. "நீ கெளம்புடி மொதல்ல"ன்னு கத்துனேன். டப்பா பக்கம் திரும்பிக்கினா.

பாதி மலை ஏறுனதும் பசி காதை அடைச்சுது. நான் தூக்கிக்கினு வந்த பைய தொறந்தா, கவரெல்லாம் உப்பிக்கினு கெடக்குது. பிரிச்சேன். அய்யய்யோ, ஒரே புளிச்ச நாத்தம். அந்த வெயில்ல பால் பவுடர் தாங்குமா? ஒரு கவர் பாக்கியில்லாம எல்லாமே போச்சு. என்னையே நாலு அறை அறைஞ்சிக்கலாம்னு இருந்துச்சு.

"சுனை இன்னும் தூரம்டி. வெறும் வவுத்தோட ஏற முடியாது, எறங்கிடலாம்"னா ஈஸ்வரி. என் மூஞ்சியப் பாக்காமலேயே சொன்னா.

எறங்கிட்டோம். பஸ்ல பக்கத்துலதான் ஒக்காந்திருந்தா. வவுத்துல பசி, மூஞ்சில கோவம், இந்த லட்சணத்துல இன்னாத்த கேக்கறது? இன்னொரு நாள் கேட்டுக்கலாம்னு வுட்டேன். அடுத்த வாரம் பொட்டி கட்டிக்கினு போயிட்டா.

அவ மலைக்கு மாட்டிக்கினு வந்தது என்னோட இன்னொரு பை. நேத்து தொவைக்க எடுத்தேன். சைடு ஜிப்புக்குள்ள ஒரு கவர். அதே அவல், அதே ஒடச்ச கடலை, தண்ணி படாம பொலபொலன்னு இருக்குது.

ஒடனே போன் போட்டேன். "இன்னாடி இது?"

"தண்ணி ஊத்துனா புளிக்கும்னு எனக்குத் தெரியும். சொன்னா நீ கத்துவ. அதான் டப்பால மீதி இருந்தத எடுத்து வெச்சிக்கினேன்."

"பின்ன ஏன்டி வெளிய எடுக்கல?"

"மேல போனா நீ இன்னா கேப்பன்னு தெரியும் ரத்னா. மலைக்குப் போறதுக்கு ரெண்டு நாள் முன்னாடிதான் அவங்களுக்கு சரின்னு சொல்லியிருந்தேன். உன் மூஞ்சியப் பாத்து முடியாதுன்னு சொல்ல எனக்கு வாய் வராதுடி."

"அதுக்கு முன்னாடி கேட்டிருந்தா?"

"தலை வாரிக்கினே சொன்னேனே, அப்ப நான் எதுவும் முடிவு பண்ணல. நீ கேப்பன்னுதான் சீப்ப வெச்சிக்கினு ஒக்காந்திருந்தேன். நீதான் துணி மடிக்கப் போயிட்டியே."

போன வெச்சிட்டேன். எல்லாத்துக்கும் முந்திக்கினு நிக்கிற நான், வாயத் தொறக்க வேண்டிய ஒரே ஒரு நேரத்துக்கு மலை தேடிக்கினு போயிருக்கேன். என்னைப்போல ஒரு கூமுட்டை இருப்பாளா?

அந்தக் கவர்ல பச்சத்தண்ணி ஊத்துனேன். ஊறட்டும்னு சொம்மா பாத்துக்கினே ஒக்காந்திருந்தேன். கொஞ்சங்கூட புளிப்பு இல்ல, நல்லாவே இருந்துச்சு. அழுதுக்கினே முழுசையும் தின்னேன்.