ஒரு தட்டு அதிகம்

காலையில் பிள்ளைகளைப் பள்ளியில் இறக்கிவிட்டால் மதியம் இரண்டரை மணிவரை எனக்கு வேலை இல்லை. பஸ்ஸை ஆற்றோரம் நிறுத்திவிட்டு, டிரைவர் சீட்டிலேயே திரும்பி உட்கார்ந்து மாண்டலின் வாசிப்பேன். ஸ்டியரிங்குக்கும் வயிற்றுக்கும் நடுவே அடங்குகிற வாத்தியம் அது ஒன்றுதான். அந்த வெள்ளிக்கிழமை அப்பாவின் மெட்டை எடுத்து இரண்டாம் பாதிக்கு வந்திருந்தபோது போன் அடித்தது. நெல்டா அண்ணி. மூன்று வருடமாக என் போனில் வராத பெயர்.

"ரோண்டா, போனை வெச்சிடாத."

"சொல்லுங்க அண்ணி."

"நாளைக்குப் பிடில் போட்டி. உங்கண்ணனுக்கு கிதார் வாசிக்கிறவரு நிமோனியாவுல படுத்துட்டாரு. இந்த மனுஷன் தனியாவே மேடை ஏறுவேங்கறாரு. நீ வந்து கூட வாசிக்கணும்."

"அவரு கேக்கச் சொன்னாரா?"

"அவரா? உசுரே போனாலும் சொல்ல மாட்டாரு. நான்தான் கேக்கறேன். வெரல் மூட்டெல்லாம் வீங்கிக் கெடக்குது. அடுத்த வருஷம் வில்லைப் பிடிப்பாரான்னு டாக்டருக்கே தெரியல. கடைசியா ஒரு தடவ உங்கப்பா மெட்டை வாசிச்சிடணும்னு நிக்கறாரு."

"அப்பா மெட்டா, அவரு மெட்டா?" என்று வாய்வரை வந்தது. விழுங்கிக்கொண்டு, வருகிறேன் என்று சொன்னேன்.

என் வாய் அவ்வளவு நல்ல வாய் இல்லை. அண்ணன் ஆர்லிஸ் என்னைவிட இருபது வயது மூத்தவர். அப்பா போனபோது பிடில் அவருக்குப் போனது. எனக்கு ஒன்றும் வரவில்லை. எங்கள் பக்கத்தில் பிடில் ஆண்பிள்ளைக்கு, பெண்பிள்ளைக்கு அவரைக்காய் ஊறுகாய் ஜாடி. சித்தப்பா வீட்டுச் சுவரில் ஒட்டடை படிந்து தொங்கிய மாண்டலினை நானாகவே கேட்டு வாங்கி வந்தேன். பிடிலுக்குள்ள அதே தந்திகள், அதே விரல் இடங்கள். அப்பா எண்பத்தாறில் சமையலறையில் வாசித்துப் பதிவு செய்த கேசட் ஒன்று இருந்தது. அதை ஓட்டி, நிறுத்தி, பின்னால் சுற்றி, மறுபடி ஓட்டித்தான் அவருடைய மெட்டுகளைக் கற்றுக்கொண்டேன். அவற்றில் ஒன்றுக்குப் பெயரே கிடையாது. ஊரில் அதை ஹோபர்ட் மெட்டு என்பார்கள், அப்பாவின் பெயரை வைத்து.

அந்த மெட்டின் இரண்டாம் பாதியில் ஓர் இடம். அப்பா வில்லை நீளமாக இழுத்து ஒரு சுரத்தைப் பிடித்துக்கொண்டு, தாளத்தில் ஒரு தட்டு அதிகம் நின்றுவிட்டு அடுத்த சுரத்துக்குத் தாவுவார். நடனமாடுகிறவர்களுக்குக் கால் இடறும். பிடிலில் வில் இழுபடுகிறவரை சத்தம் நிற்கும். மாண்டலினில் மீட்டிய சத்தம் உடனே செத்துவிடும், அதனால் அந்த ஒரு தட்டு எனக்கு வெறும் ஓட்டையாகத்தான் கிடைத்தது. பிரேக் பெடலில் காலைத் தட்டித் தட்டி அந்த ஓட்டையைப் பழகினேன். பழகப் பழக அதன்மேல் எனக்குப் பைத்தியமே பிடித்துவிட்டது. செவ்வாய்க்கிழமைகளில் நூலகத்தில் ஆறு பேருக்கு மாண்டலின் சொல்லித்தருகிறேன். "இங்க மூச்சைப் பிடிங்க, இதுதான் இந்த மெட்டோட உசுரு" என்று அவர்களுக்குச் சொல்லிக்கொடுத்ததும் நான்தான்.

மூன்று வருடத்துக்கு முன்னால் அப்பாவின் நினைவாகச் சர்ச் கூடத்தில் சாப்பாடு போட்டோம். ஆர்லிஸ் எழுந்து இந்த மெட்டை வாசித்தார். அந்த இடம் வந்தது. நிற்கவே இல்லை, இஸ்திரி போட்ட மாதிரி நேராகப் போய்விட்டார். பீன்ஸும் சோள ரொட்டியும் தட்டில் ஏந்திக்கொண்டு நாற்பது பேருக்கு முன்னால் நான் சொன்னேன்: "அப்பா அப்படி வாசிக்கல. தாளத்தை முழுங்கிட்டீங்க." அவர் பிடிலைப் பெட்டியில் வைத்து மூடி, தொப்பியை எடுத்துக்கொண்டு வெளியே போனார். அதன்பிறகு மளிகைக் கடையில் என்னைப் பார்த்தால் தள்ளுவண்டியை அடுத்த வரிசைக்குத் திருப்பிவிடுவார்.

சனிக்கிழமை பதினோரு மணிக்குப் போட்டி நடக்கிற கண்காட்சி மைதானத்துக்குப் போனேன். ஆட்டுக் கொட்டகைக்குப் பக்கத்தில் அண்ணனின் டிரக் நின்றது. பின்கதவை இறக்கி அதன்மேல் உட்கார்ந்து பிடிலுக்குச் சுருதி சேர்த்துக்கொண்டிருந்தார். நிமிர்ந்து பார்த்தார். பிறகு அண்ணியைப் பார்த்தார்.

"உன் வேலையா இது?"

"ஆமா, என் வேலைதான். சண்டையை வாசிச்சு முடிச்சப்புறம் போடுங்க" என்று சொல்லிவிட்டு, எலுமிச்சைச் சாறு வாங்கப் போகிற சாக்கில் அண்ணி நழுவிவிட்டார்.

எங்கள் முறைக்கு நாற்பது நிமிடம் இருந்தது. அவர் வில்லை எடுத்தார். முதல் பாதி வழுக்கிக்கொண்டு போனது. அவருடைய மூட்டுகள் வீங்கித்தான் இருந்தன, ஆனால் கை எங்கே போக வேண்டும் என்று அதற்குத் தெரிந்திருந்தது. எனக்கு நெஞ்சு இளகியது. இரண்டாம் பாதி வந்தது. அந்த இடத்தில் நான் நின்றேன். அவர் போய்விட்டார். என் சத்தம் அவர் சத்தத்தின்மேல் தடுக்கி விழுந்தது.

"மறுபடி" என்றார்.

மறுபடியும் அதே இடத்தில் அதே மாதிரி. மூன்றாவது தடவையும். ஆடுகள்கூடக் கத்துவதை நிறுத்திவிட்டன என்று தோன்றியது.

"வாசிக்கிறவன் போற வழியில பின்னாடி வரணும். பக்கவாத்தியத்துக்கு அது கூடத் தெரியாதா?"

"வழி தப்பாப் போனா?"

"ரோண்டா."

"என்கிட்ட அப்பா வாசிச்ச கேசட்டே இருக்குண்ணே. எரநூறு தடவ கேட்டிருக்கேன். அங்க ஒரு தட்டு அதிகம், அதுதான் மெட்டோட உசுரு. நீங்க போட்டிக்காக அதை நேராக்கிட்டீங்க."

"கேசட்டு எந்த வருஷம்?"

"எண்பத்தாறு."

"எனக்கு இந்த மெட்டு அறுபதுகள்லயே தெரியும்" என்றார். குரல் உயரவே இல்லை. "அப்ப அதுல தட்டும் இல்ல, நிறுத்தமும் இல்ல. தண்ணி மாதிரி ஓடும்."

"அப்ப நடுவுல அப்பாவே மாத்தினாரா?"

அவர் வில்லை மடியில் வைத்தார். இடது கையை என் முகத்துக்கு முன்னால் நீட்டி, மோதிர விரலை மடக்கிக் காட்டினார்.

அப்பாவுக்கு இடது கையில் மோதிர விரல் கிடையாது. நான் பிறப்பதற்கு முந்தின வருடம் மர அறுவை மில்லில் போய்விட்டது. எனக்கு அது புதிதில்லை. அப்பாவுக்கு நீலக் கண், வழுக்கைத் தலை, நாலு விரல் என்று பார்த்துத்தான் நான் வளர்ந்தேன். ஆனால் அந்த விரலையும் அந்தத் தட்டையும் நான் ஒரு நாளும் சேர்த்துப் பார்த்ததில்லை.

"அந்தச் சுரம் மோதிர வெரல்ல விழணும். அது இல்ல. சுண்டு வெரலை இழுத்துக்கிட்டு வந்து வைக்கணும். அது வந்து சேர்ற வரைக்கும் வில்லை நிறுத்திப் பிடிப்பாரு. அவ்வளவுதான் நீ சொல்ற உசுரு" என்றார்.

ஐந்து விரலும் முழுசாக இருக்கிற கையை வைத்துக்கொண்டு, ஒரு மனுஷன் வலியில் திணறிய இடத்தை அழகு என்று எண்ணிப் பழகியிருக்கிறேன். போதாததற்கு ஆறு பேருக்குச் சொல்லியும் கொடுத்திருக்கிறேன்.

"இதை அன்னிக்கே சொல்லியிருக்கலாமே. மூணு வருஷம் மிச்சமாயிருக்கும்."

"யாரு, நானா? நாப்பது பேரு முன்னாடியா?" சிரிக்கிற மாதிரி ஏதோ செய்தார், சிரிப்பு வரவில்லை. "மில்லுல ரம்பத்தை ஓட்டுற லிவர்கிட்ட நின்னது நான்தான், ரோண்டா. அப்பா கட்டையைச் சரி பண்ணிட்டிருந்தாரு. 'இரு'ன்னாரு. எனக்குக் கேட்டுச்சு. அது மனசுல ஏறறதுக்குள்ள கை இழுத்துடுச்சு. எனக்குப் பத்தொம்பது வயசு, வெவரம் தெரியாத வயசுன்னும் சொல்ல முடியாது. கட்டை வழுக்கிடுச்சுன்னு அம்மாகிட்ட அப்பா சொன்னாரு. கடைசி வரைக்கும் அதையேதான் சொன்னாரு."

நான் மாண்டலினை மடியில் கவிழ்த்து வைத்தேன்.

"ஒரு வருஷம் பிடிலைத் தொடவே இல்ல. நீ பொறந்தப்புறம்தான் எடுத்தாரு. நீ அழுதா வாசிப்பாரு. அடுத்த ரூம்ல நான் படுத்திருப்பேன். அந்த எடம் வரும், நிப்பாரு. ஒவ்வொரு தடவையும் நிப்பாரு." வில்லை எடுத்து அதன் குதிரைமுடியைத் துடைத்தார். "நான் நேராத்தான் வாசிப்பேன். நீ வர்றதுன்னா வா."

எனக்கு வெட்கமாக இருந்தது. கூடவே கோபமும் வந்தது. தண்ணீர் மாதிரி ஓடுகிற மெட்டை வாசித்த அப்பாவை எனக்குத் தெரியாது. எனக்குக் கிடைத்தது நிற்கிற அப்பாதான். என்னைத் தூங்கவைத்த மெட்டு அது. அதை நொண்டி என்று சொன்னால் எனக்கு வேறு என்ன இருக்கிறது? ஆனால் அவர் முகத்தைப் பார்த்தபோது இதில் எதையும் சொல்ல முடியவில்லை. என் எரநூறு தடவைக்கு எதிரே அவருக்கு அதைச் சுமந்த நாற்பத்தேழு வருடம்.

"வரேண்ணே. நேராவே வரேன்" என்றேன்.

எங்கள் எண் பதினேழைக் கூப்பிட்டார்கள். மேடையில் இரண்டு நாற்காலி, ஒரு மைக். நடுவர்கள் மூவரும் பின்னால் ஓர் அறையில் ஸ்பீக்கரில் மட்டும் கேட்பார்கள், வாசிக்கிறவர் யார் என்று அவர்களுக்குத் தெரியக் கூடாது. அண்ணி முன்வரிசையில் எலுமிச்சைச் சாறுடன் உட்கார்ந்திருந்தார், குடிக்கவில்லை.

என் பயமெல்லாம் என் கையைப் பற்றித்தான். மனசு நேராகப் போகத் தயார். கைக்கு அது தெரியாதே. பழகிய கை அந்த இடத்தில் தானாக நின்றுவிட்டால் அண்ணனின் கடைசிப் போட்டியை நான் கெடுத்தவளாவேன், இந்தத் தடவை நாற்பது பேர் இல்லை, நானூறு பேர் முன்னால். முதல் பாதி முடிந்தது. இரண்டாம் பாதி தொடங்கியது. பல்லைக் கடித்துக்கொண்டு எண்ணினேன். அந்த இடம் வந்தது. நான் நிற்கவில்லை. இருவரும் ஒன்றாகத் தாண்டினோம். முதுகில் வேர்வை வழிந்தது. அண்ணன் என்னைப் பார்த்து ஒரு தரம் தலையசைத்தார். மூன்று வருடத்தில் முதல் தலையசைப்பு.

அதே மெட்டின் இரண்டாவது சுற்று. மறுபடி முதல் பாதி, மறுபடி இரண்டாம் பாதி. இனிப் பயமில்லை என்று நினைத்து அவர் இடது கையைப் பார்த்தேன். மோதிர விரல் மடங்கி உள்ளங்கைக்குள் போயிருந்தது.

முதலில் மூட்டு வலி என்று நினைத்தேன். இல்லை. வேண்டுமென்றே மடக்கியிருந்தார். மற்ற விரல்களை வைத்துச் சமாளித்துக்கொண்டு, கண்ணை மூடிக்கொண்டு வாசித்தார். ஒரு சுரம் பிசகியது. இன்னொன்று கீச்சிட்டது. பின்னால் அந்த அறையில் இதெல்லாம் தடுமாற்றமாகத்தான் கேட்கும். அண்ணி கையிலிருந்த கோப்பையைத் தரையில் வைத்தார்.

அந்த இடம் வந்தது. வில் நீளமாக இழுபட்டு அந்தச் சுரத்திலேயே நின்றது. வீங்கிய சுண்டுவிரல் கழுத்துப் பலகையின்மேல் மெல்ல நகர்ந்து வந்தது. ஒரு தட்டு போயிற்று. அது இன்னும் வந்து சேரவில்லை. நான் மீட்டுகிற பிக்கைத் தந்திக்கு மேலே தூக்கிப் பிடித்துக்கொண்டு, மூச்சை அடக்கி, அந்த விரலையே பார்த்துக்கொண்டிருந்தேன்.