நாத்தனாருக்கு ஷாக் அடிக்க வேண்டிய கதை

1

கோபத்தில் பிறந்த கதை இது. ஆலையில் பேனல் வயரிங் செய்கிறவள் நான். என் வீட்டுக்காரரின் தங்கை அதே ஆலையில் சோதனைப் பிரிவில் இருக்கிறாள். நான் கட்டி முடித்த பேனலை எல்லோர் முன்னாலும் மீட்டர் வைத்து மறுபடி சோதித்தாள். அன்றிலிருந்து ஒரே வீட்டில் முகத்தைத் திருப்பிக்கொண்டு நடக்கிறோம். கதையிலாவது அவளுக்கு ஒரு ஷாக் அடிக்கட்டும் என்று எழுத உட்கார்ந்தேன்.

2

முதல் தொடக்கம்: மழை கொட்டிய அந்த மாலையில், விதி பேனலுக்குள் ஒளிந்து...

வேண்டாம். பேனலுக்குள் விதி கிடையாது, வயர்தான் இருக்கும்.

இரண்டாவது தொடக்கம்: நாத்தனார் ஒரு சிக்னல் ஐசொலேட்டருக்குச் சப்ளை வயர் இணைக்கப் போகிறாள்.

(விரல் அகலப் பெட்டி அது. ஒரு பக்கத்துச் செய்தியை மறுபக்கத்துக்குக் கடத்தும், மின்சாரத்தைக் கடத்தாது. எங்கள் வீடு மாதிரி என்று எழுதினேன். எங்கள் வீட்டில் செய்தியே போவதில்லை என்பதால் அடித்துவிட்டேன்.)

பிரேக்கரை இறக்கி மின்சாரத்தை நிறுத்தினாள். வேறு யாரும் அதை ஏற்றிவிடாதபடி தன் பூட்டை மாட்டிச் சாவியைப் பைக்குள் போட்டாள். சப்ளை முனையில் மீட்டர் வைத்தாள். பூஜ்யம். திருப்புளியை எடுத்து...

இங்கேதான் தப்பு நடக்க வேண்டும். பெட்டியின் மறுபக்கத்தில் ஒரு ரிலே, செய்தி வந்ததும் தானே தட்டிக்கொள்ளும் சுவிட்ச். அதற்கு இருநூற்று முப்பது வோல்ட் வேறொரு பேனலிலிருந்து தனியாக வருகிறது. இந்தப் பக்கம் செத்துக் கிடந்தாலும் அந்தப் பக்கம் உயிரோடு இருக்கும்.

3

ஆனால் அவள் மறுபக்கமும் மீட்டர் வைத்துவிட்டாள். எத்தனை தடவை மாற்றி எழுதினாலும் வைக்கிறாள், பிடிவாதக்காரி. அந்தக் குணத்தின் மேல்தானே எனக்குக் கோபமே.

ஒரு பக்கம் மட்டும் பார்த்துவிட்டு, "அதெல்லாம் சரியாத்தான் இருக்கும்" என்று கை வைக்கிற ஆள் வேறு யார்? யோசித்தபோது வெட்கமாகப் போய்விட்டது. "அவள்" என்று இருந்த இடங்களையெல்லாம் "நான்" என்று திருத்தினேன்.

நான் திருப்புளியோடு குனிகிறேன். விரல் அந்த ரிலே முனைக்கு அருகில் போகிறது. எனக்குப் பின்னால் நாத்தனார், கையில் மீட்டரோடு. மறுபக்கம் சப்ளை இருப்பது அவளுக்குத் தெரியும். ஆனால் நாங்கள்தான் பேசிக்கொள்வதில்லையே.

4

முடிவு ஒன்று: அவள் பேசவில்லை. (இதற்கு மேல் எழுதக் கை வரவில்லை.)

முடிவு இரண்டு: அவள்

இத்தனையும் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்துதான் எழுதுகிறேன். தண்ணீர் குடிக்க வந்த நாத்தனார் என் தோளுக்குப் பின்னால் நின்று படித்திருக்கிறாள். எப்போதிலிருந்து என்று தெரியாது.

"கைய எடுங்க அண்ணி," என்றாள்.

"கதைதாம்மா."

"கதையா இருந்தா இருக்கட்டும். மொதல்ல எடுங்க."

தாளிலிருந்து கையை எடுத்துவிட்டேன். கண் கலங்கிவிட்டது, அதை மறைக்கவும் தோன்றவில்லை.

ஆகவே இரண்டாவது முடிவு பாதியில் நிற்கிறது. நான் அவளுக்கு நாற்காலி இழுத்துப் போடப் போகிறேன். மீதியை நீங்கள் எழுதிக்கொள்ளுங்கள். ஒன்று மட்டும் கேட்கிறேன்: எழுதுமுன் இரண்டு பக்கமும் மீட்டர் வைத்துப் பார்த்துவிடுங்கள். உள்ளே இருப்பது என் கை.