நூற்றெண்பது கிலோ பசி

மூக்குக் குழாய் வழியே உணவு செலுத்தும் பம்ப் மறுபடியும் நின்று கிடந்ததைப் பார்த்ததும் டயட்டீஷியனுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. தீவிர சிகிச்சைப் பிரிவில் அவளுக்கு ‘பவுடர் மேடம்’ என்று பெயர். புரத மாவு டப்பாவும் கையுமாக அலைகிறவளுக்கு வேறென்ன பெயர் வைப்பார்கள்? கட்டிலில் கிடந்த லாரி டிரைவர் நூற்றெண்பது கிலோ. நிமோனியாவோடு வந்து, மயக்க மருந்தில், மூச்சு இயந்திரத்தில் இன்றோடு ஒன்பது நாள். இயந்திரத்தின் உதவியைக் குறைத்து இரண்டு முறை பார்த்தாயிற்று. இரண்டு முறையும் அரைமணி நேரத்தில் மனுஷன் களைத்துவிட்டார். மூன்றாவது முயற்சி வெள்ளிக்கிழமை என்று பெரிய டாக்டர் சொல்லியிருந்தார்.

அவள் ஒன்பது நாள் குறிப்பையும் எடுத்துவைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். எழுதிக்கொடுத்த புரதத்தில் பாதிகூட உள்ளே போகவில்லை. காரணம் பிடிபட அதிக நேரம் ஆகவில்லை. படுக்கைப்புண் வராமல் அவரைத் திருப்பிப் படுக்கவைக்க ஆறு பேர் வேண்டும். திருப்புவதற்கு முன் பம்பை நிறுத்துவார்கள். வேலை முடிந்ததும் அவரவர் நோயாளியிடம் ஓட்டம். வேறு யாராவது போட்டிருப்பார்கள் என்று ஆறு பேருமே நினைத்துக்கொள்வார்கள்.

“இவருக்கென்ன மேடம், ஆறு மாசத்துக்கு உள்ளயே ஸ்டாக் இருக்கு” என்று சிரித்தார் பக்கத்தில் நின்ற ஆண் நர்ஸ்.

“அது கொழுப்பு தம்பி. நெஞ்சைத் தூக்கி மூச்சு விட வைக்கிறது தசை. புரதம் போகலன்னா உடம்பு அந்தத் தசையைத்தான் பிச்சுத் திங்கும். அப்புறம் வெள்ளிக்கிழமை எதை வச்சு மூச்சு விடுவாரு, உங்க ஜோக்கை வச்சா?”

நர்ஸ் போய் பம்பை ஓடவிட்டார்.

பார்வையாளர் நேரத்தில் டிரைவரின் மனைவி வந்தாள். பம்ப் நின்றது அவளுக்கும் தெரிந்திருந்தது.

“நேத்தும் ரெண்டு மணி நேரம் நின்னுச்சு மேடம். பார்த்துட்டேதான் இருந்தேன்.”

“ஏன்க்கா சொல்லல?”

“எதுக்குச் சொல்லணும்? இருபது வருஷமா அவர் தட்டுலேருந்து பிடுங்கி வச்சவ நான். இப்பவாவது இளைக்கட்டும்னு இருந்துட்டேன்.”

டயட்டீஷியனுக்குக் கோபம் வரவில்லை. ஊரே அவளுக்கு அதைத்தானே சொல்லிக்கொடுத்திருக்கிறது. மனைவியின் விரலைப் பிடித்துக் கணவனின் கையில், கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே வைத்து அழுத்தினாள். தசை மேடாக இருக்க வேண்டிய இடம் பள்ளமாக இருந்தது.

“ஸ்டியரிங் பிடிக்கிற கை மேடம் இது” என்றாள் மனைவி. “நாந்தான் பட்டினி போட்டேனா?”

“நான் முதல்ல. எழுதிக் குடுத்தேனே ஒழிய, போகுதான்னு நின்னு பார்க்கல. இன்னும் மூணு நாள் இருக்குக்கா. விடக்கூடாது.”

அன்றே வார்டு பொறுப்பாளரோடு மல்லுக்கு நின்றாள். திருப்பும்போது தலையைப் பிடிக்கிறவர்தான் பம்பைப் போட வேண்டும். அது ஓடாமல் அவர் நகரக் கூடாது. தவறிய அளவை அன்றைக்குள்ளேயே ஈடுகட்ட வேண்டும். “ஒரு பம்புக்கு இவ்வளவு சட்டமா?” என்றார் பொறுப்பாளர். “ஆமாம்” என்று தாளைக் கட்டிலின் தலைமாட்டில் ஒட்டிவிட்டுத்தான் நகர்ந்தாள். மறுநாள் கணக்கில் முக்கால் பங்கு போயிருந்தது. போதாது என்று டாக்டரிடம் பேசி இன்னும் கொஞ்சம் புரதம் கூட்டினாள்.

வியாழக்கிழமை மாலை தலையைப் பிடித்தவர் புது ஆள். திருப்பினார்கள், தலையணை வைத்தார்கள், கலைந்தார்கள். கூடத்தில் நின்ற டயட்டீஷியனுக்கு அந்தக் குரல் கேட்டது.

“எல்லாரும் எங்க போறீங்க? என் வீட்டுக்காரர் பட்டினியா கிடக்கார்!”

வார்டே திரும்பிப் பார்த்தது. புது ஆள் திடுக்கிட்டு ஓடிவந்து பொத்தானை அழுத்தினார். டயட்டீஷியன் வாசலுக்கு வந்தபோது, மனைவி கட்டிலோரம் குனிந்து, குழாயில் ஊர்ந்துபோகும் வெளிர்மஞ்சள் பாலை விரலால் தொடர்ந்துகொண்டிருந்தாள். மூக்கருகே விரல் நின்றது.

“சாப்பிடுங்க” என்றாள்.