மாப்பிள்ளை துடைத்த கம்ப்யூட்டர்

சுத்தம் நல்லதுதான், யார் இல்லையென்றது? ஆனால் அதற்கும் ஒரு அளவு வேண்டாமா? லிஃப்ட் மெக்கானிக்கான அக்கா அரைநாள் லீவு போட்டுவிட்டுத் தங்கை வீட்டுக்கு வந்தபோது, எம்ப்ராய்டரி அறையில் அந்தப் பழைய கம்ப்யூட்டர் புதுப் பாத்திரம் மாதிரி மின்னிக்கொண்டிருந்தது. உயிர் மட்டும் இல்லை.

"யாரு தொட்டது?" என்றாள் அக்கா.

தங்கை கண்ணால் புருஷனைக் காட்டினாள். மாப்பிள்ளை கையில் துணியோடு திருதிருவென்று முழித்தார். தங்கமான மனுஷன்தான். பெண்டாட்டி வெளியே போயிருந்த நேரத்தில் அவளுக்கு ஒரு உபகாரம் செய்யலாம் என்று நினைத்துக் கம்ப்யூட்டரைத் திறந்து துடைத்திருக்கிறார். இரண்டு நாளாகச் சரியாகச் சாப்பிடக்கூட இல்லையாம்.

முப்பது வருஷத்துப் பெட்டி அது. ஊசி எங்கே இறங்கணும், எப்போது நூல் மாறணும் என்று எம்ப்ராய்டரி மிஷினுக்குச் சொல்வது அதுதான். மிஷினோடு பேசுகிற கார்டு இந்தக் காலத்துக் கம்ப்யூட்டர் எதிலும் பொருந்தாது. தங்கை பதினொரு வருஷமாக வரைந்த டிசைன் எல்லாம் அதன் ஹார்ட் டிஸ்க்கில்தான். நகல் எடுத்து வைத்தாளா என்று கேட்காதீர்கள், எனக்குக் கோபம் வரும். கடைக்காரப் பையன் நேற்று வந்து பார்த்துவிட்டு, "மியூசியத்துக்குக் குடுத்துடுங்க" என்று சொல்லிவிட்டுப் போயிருந்தான்.

நாலு மணிக்கு ஆஸ்பத்திரி மேட்ரன் வருகிறார், நர்ஸ்களின் சட்டைக்கான பேட்ஜ் மாதிரியைப் பார்க்க. பிடித்தால் வருஷம் முழுக்க வேலை. இல்லையென்றால் தங்கை பழைய ஃபாக்டரிக்கே திரும்ப வேண்டியதுதான். பாத்ரூம் போகக்கூட அந்த சூப்பர்வைசரிடம் கையைக் கட்டிக்கொண்டு கேட்டு நின்ற இடம் அது. ஆள் தேவை, சாயங்காலத்துக்குள் சொல்லு என்று அவர் வேறு கெடு வைத்திருந்தார்.

மணி ஒன்று. அக்கா பையிலிருந்து நோட்டை எடுத்தாள். லிஃப்ட் வேலையில் அவளுக்கு ஒரே சட்டம்: ஒரு நேரத்தில் ஒரே ஒரு மாற்றம், உடனே ஒரு சோதனை, இரண்டையும் எழுதி வை. ஏழு மாடிக்கு நடுவில் ஆள் மாட்டிக்கொண்டிருக்கும்போது குத்துமதிப்பாக நாலு ஒயரைப் பிடுங்க முடியாது.

சுவிட்சைப் போட்டாள். ஃபேன் சுற்றியது. திரை கறுப்பு. உள்ளேயிருந்து நீளமாக ஒரு பீப், குட்டியாக இரண்டு.

"இது அழுகை இல்லடி, புகார்" என்றாள் அக்கா. "திரைக்குப் படம் அனுப்புற கார்டு சரியில்லன்னு சொல்லுது. மாப்ள, கார்டைக் கழட்டினீங்களா?"

"சும்மா பிரஷ்ல தூசி தட்டினேன் அண்ணி."

"மாப்ள."

"கழட்டித் துடைச்சேன்" என்றார் அவர் மென்று முழுங்கி.

கார்டின் ஒரு முனை அரிசி அகலத்துக்கு மேலே தூக்கிக்கொண்டிருந்தது. அணைத்து, அழுத்தி உட்கார வைத்து, மறுபடி போட்டாள். ஒரே ஒரு சின்ன பீப். திரையில் எழுத்து வந்தது. தங்கைக்கு வயிற்றில் பால் வார்த்த மாதிரி இருந்தது, ஆனால் அந்தப் பால் ஒரு நிமிஷம்கூடத் தங்கவில்லை. செட்டிங் எல்லாம் அழிந்துபோயிற்று, ஹார்ட் டிஸ்க்கே இல்லை என்று திரை கைவிரித்தது.

"பேட்டரி எங்க மாப்ள?"

"பச்சையா ஒழுகியிருந்துச்சு. கழட்டிட்டு அந்த இடத்தைச் சுத்தமாக் கழுவி, காய வெச்சேன்."

அக்கா டார்ச் அடித்துப் பார்த்தாள். "இது மட்டும் நல்ல காரியம். இன்னும் ஒரு மாசம் விட்டிருந்தா அது போர்டையே தின்னிருக்கும்" என்றாள். இரண்டு நாளில் முதல் தடவையாக மாப்பிள்ளை நிமிர்ந்து நின்றார்.

பேட்டரி போனதால் டிஸ்க்கின் அளவுகளைப் பெட்டி மறந்துவிட்டது. மூன்று எண்களைக் கையால் கொடுத்தால் போதும், அவை டிஸ்க்கின் லேபிளிலேயே இருக்கும். லேபிள் இருந்தது. எழுத்துதான் இல்லை. வெள்ளை வெளேரென்று இருந்தது.

"ஸ்பிரிட்ல துடைச்சேன்" என்றார் மாப்பிள்ளை, யாரும் கேட்கும் முன்பே.

தங்கை முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடித்தது. "பதினொரு வருஷம்" என்று மட்டும் சொன்னாள். அக்கா பையில் ஒரு சோதனை ஃப்ளாப்பி உண்டு. பழைய லிஃப்ட்களிலும் இதே வம்சத்துக் கம்ப்யூட்டர்தான் என்பதால் கூடவே வைத்திருப்பாள். டிஸ்க்கையே கூப்பிட்டு 'உன் அளவு என்ன' என்று கேட்கிற புரோகிராம் அதில் இருக்கிறது.

ஃப்ளாப்பியைப் போடக் கையைக் கொண்டுபோனவள் சட்டென்று இழுத்துக்கொண்டாள். ஃப்ளாப்பி விளக்கு அணையாமல் எரிந்துகொண்டே இருந்தது. படிக்கும்போது மட்டும்தான் அது எரியணும்.

"ஃப்ளாப்பியோட பட்டை ஒயரையும் கழட்டித் துடைச்சீங்க. திருப்பி மாட்டும்போது தலைகீழா மாட்டிட்டீங்க. சரியா?"

"சரி அண்ணி" என்றார் அவர். "வேற ஒண்ணும் தொடல. சத்தியமா அவ்வளவுதான்."

அணைத்து, ஒயரைத் திருப்பி மாட்டி, சுவிட்சைப் போட்டாள். விளக்கு அணைந்தது. ஃப்ளாப்பியைப் போட்டதும் அது கரகரவென்று சுற்றி, டிஸ்க்கைக் கேள்வி கேட்டு, திரையில் பதிலும் சொன்னது: 977, 5, 17. அக்கா அதைச் செட்டப் திரையில் அடித்துவிட்டு ஃப்ளாப்பியை உருவினாள். "ரீஸ்டார்ட் பட்டனை நீயே அமுக்கு" என்றாள் தங்கையிடம்.

தங்கை அமுக்கினாள். டிஸ்க் உள்ளே முனகியது. கறுப்புத் திரை. பிறகு அவள் டிசைன் ஒவ்வொன்றாக வரிசைகட்டி இறங்க ஆரம்பித்தது, திரை நிரம்பி, அடுத்த திரையும் நிரம்பி, ஒன்றுகூடக் குறையாமல். தங்கை அழுதாள், சிரித்தாள், புருஷன் முதுகில் ஓங்கி ஒன்று வைத்தாள். எது எதற்கு என்று அவளுக்கே தெரியாது.

"புது பேட்டரி போடுற வரைக்கும் இதை அணைக்கக் கூடாது. அணைச்சா மறுபடி மறந்துடும்" என்றாள் அக்கா. "அந்த மூணு நம்பரை எங்கயாவது பெருசா எழுதி வைங்க."

மாப்பிள்ளை மார்க்கரை எடுத்து, தன் வெள்ளைச் சுவரிலேயே, சாண் உயரத்துக்கு எழுதினார். அந்தச் சுவரில் ஒரு விரல் ரேகை பட்டால்கூடப் பொறுக்காத மனுஷன்.

மூன்றரைக்குள் மிஷின் மாதிரி பேட்ஜைத் தைத்து முடித்தது. நாலு மணிக்கு மேட்ரன் வந்தார். பேட்ஜை வெளிச்சத்தில் பிடித்தார், திருப்பினார், பின்பக்கத்து நூலை நகத்தால் சுரண்டிப் பார்த்தார். "இதுலயே எல்லாருக்கும் போட்டுடுங்க" என்று சொல்லிக் கையெழுத்தும் போட்டுக் கொடுத்தார்.

ஐந்து மணிக்கு மிஷின் தடதடத்துக்கொண்டிருந்தபோது ஃபோன் அடித்தது. சூப்பர்வைசர்.

"வரல சார்" என்றாள் தங்கை.

"ஒண்ணும் கேக்கல. அந்த மிஷினை நிறுத்திட்டுப் பேசும்மா" என்று அவர் அதட்டியது அக்காவுக்கே கேட்டது.

தங்கை பழக்கதோஷத்தில் எழுந்து நின்றிருந்தாள். நிதானமாக மறுபடி உட்கார்ந்தாள்.

"நிறுத்த முடியாது சார்," என்றாள், "எனக்கு வேலை இருக்கு."